ஆறாம் மாதத்திலேயே 7.5 கிலோ ஏறிவிட்டது: சாப்பாட்டைக் குறைக்கலாமா, நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. முதல் கர்ப்பம். 24 வாரம் முடிந்திருக்கிறது. உயரம் 154 செ.மீ. கர்ப்பமாவதற்கு முன் 63 கிலோ இருந்தேன், இப்போது 70.5. கடைசி நான்கு வாரத்தில் மட்டும் 3 கிலோ. போன செக்கப்பில் டாக்டர் ‘வெயிட்டைப் பாத்துக்கோங்க’ என்றார். கூட்டம் அதிகம், மேலே கேட்க முடியவில்லை. பிபி 110/70, ஹீமோகுளோபின் 10.2, ஸ்கேன் நார்மல், நஞ்சு (பிளசென்டா) மேலேதான் இருக்கிறது. மூன்றாம் மாதம் எடுத்த சர்க்கரை டெஸ்ட் நார்மல். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை நாற்காலிதான்.

எழுந்ததும் காபி. எட்டு மணிக்கு தேங்காய்ச் சட்னியோடு ஐந்து இட்லி. 11 மணிக்கு டீ, நான்கு க்ரீம் பிஸ்கட். மதியம் டப்பா நிறையச் சோறு, குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். நாலரைக்கு ஜூஸ். இரவு நெய் தோசை நான்கு. படுக்கும்போது கர்ப்பிணிகளுக்கான பவுடர், சர்க்கரை, குங்குமப்பூ போட்ட பாலும் நான்கு பேரீச்சம்பழமும். இரும்பு மாத்திரையை அந்தப் பாலோடுதான் போட்டுக்கொள்கிறேன். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும், கணக்குப் பாக்காத’ என்கிறார் அத்தை. ‘ராத்திரி சாப்பாட்டை விட்டுடு, ரெண்டு கிலோ குறையும்’ என்கிறாள் அக்கா. நடந்தால் குழந்தை கீழே இறங்கிவிடும் என்று கணவருக்குப் பயம். அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

— வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் எடை கைமீறிப் போய்விடவில்லை. இன்னும் 16 வாரம் கையில் இருக்கிறது. எடையைக் குறைக்க வேண்டாம், ஏறும் வேகத்தைக் குறைத்தால் போதும். இந்த இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் அத்தைக்கும் அக்காவுக்கும் நீங்களே பதில் சொல்லிவிடலாம். ஆகவே முதலில் கணக்கு.

கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 63-ஐ 1.54-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.54-ஆல் வகுத்தால் 26.6. இதுதான் உங்கள் பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட வரம்புகளைத்தான் உலகெங்கும் பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். அதன்படி பி.எம்.ஐ. 25-இலிருந்து 30-க்குள் இருப்பவர்கள் கர்ப்பகாலம் முழுவதுமாக 7 முதல் 11.5 கிலோ வரை ஏறலாம். உங்களுக்கு மேல்வரம்பு 63 கூட்டல் 11.5, அதாவது 74.5 கிலோ. இப்போது 70.5. மீதி 4 கிலோ, 16 வாரம். வாரத்துக்கு 250 கிராம், மாதத்துக்கு ஒரு கிலோ. நீங்கள் போன மாதம் ஏறியது இதைப்போல மூன்று மடங்கு.

இந்த 4 கிலோ எங்கே போகும் என்று பாருங்கள். 24 வாரத்தில் உங்கள் குழந்தை ஏறக்குறைய 650 கிராம். பிறக்கும்போது 2.8 முதல் 3 கிலோ இருக்க வேண்டும். அதற்கே இரண்டே கால் கிலோ. நஞ்சு இன்னும் 350 கிராம், பனிக்குட நீர் ஒரு 300 கிராம், கர்ப்பப்பை அரைக் கிலோ, மார்பகமும் கூடும் ரத்தமும் சேர்ந்து அரைக் கிலோவுக்கு மேல். கூட்டினால் கிட்டத்தட்ட 4 கிலோ. அதாவது இனி உங்கள் உடம்பில் ஏற வேண்டியது குழந்தையும் குழந்தைக்கு வேண்டியதும் மட்டுமே. தாய்ப்பாலுக்காக உடம்பு சேர்த்து வைக்கும் கொழுப்பு உங்களிடம் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது.

அதனால்தான் அக்கா சொல்வதைக் கேட்காதீர்கள் என்கிறேன். இரவுச் சாப்பாட்டை விட்டு, எடையை 70.5-லேயே நிறுத்தினீர்கள் என்றால், வெளியே பார்க்க ‘ஏறவில்லை’ என்று தெரியும். உள்ளே உங்கள் உடம்பு 4 கிலோ இழந்திருக்கும். கர்ப்பிணிக்குப் பட்டினி தாங்காது. சாயங்காலம் எதையோ கொறித்துவிட்டு மறுநாள் எட்டு மணி வரை வயிறு காய்ந்தால், மற்றவர்களைவிட வேகமாக உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற கழிவு ரத்தத்தில் கூடும். காலையில் தலைவலி, குமட்டல், நெஞ்செரிச்சல். அதன்பின் அடங்காத பசியில் ஐந்து இட்லி ஏழாகும். டயட் என்ற பேரில் ஒரு வேளையை முழுதாக விடுவது இந்த ஒன்பது மாதத்தில் கூடவே கூடாது.

அத்தை சொல்வதில் பாதி சரி. உயிர் இரண்டுதான், வயிறு ஒன்று. இப்போது உங்களுக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு முட்டை, ஒரு கப் சுண்டல், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான் 350 கலோரி. ஆனால் புரதம் மட்டும் கணிசமாகக் கூட வேண்டும். இரண்டாம் பருவத்தில், அதாவது நான்கு முதல் ஆறாம் மாதம் வரை, வழக்கத்தைவிட 9.5 கிராம், ஏழாம் மாதத்திலிருந்து 22 கிராம் கூடுதல். அத்தையிடம் ‘குறைச்சுக்கறேன்’ என்று சொல்லாதீர்கள், ‘முட்டையும் பயறும் கூட்டச் சொல்லியிருக்காங்க’ என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை, இரண்டாவது அவர் மனசுக்கும் ஒப்பும்.

இனி அந்த 3 கிலோ. சாப்பாட்டின்மேல் பழியைப் போடுமுன் இரண்டு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஒன்று, தராசு. ஒரு மாதம் காலையில் நைட்டியோடு வீட்டில், அடுத்த மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் புடவையோடு மருத்துவமனையில் என்று நிறுத்தால் ஒன்று, ஒன்றரை கிலோ சும்மாவே வித்தியாசம் வரும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் குடிக்குமுன், அதே தராசில், அதே மாதிரி உடையில், பாய் விரிக்காத வெறும் டைல்ஸ் தரையில் வைத்து நில்லுங்கள். எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். தினமும் நிற்க வேண்டாம். முந்தைய நாள் ஊறுகாயும் அப்பளமும் தின்ற உப்புக்கே அரைக் கிலோ நீர் தங்கும், வீணாகக் கவலைப்படுவீர்கள். தாய் சேய் நல அட்டையில் இதுவரை எழுதியிருக்கும் எடைகளையும் வரிசையாகப் படியுங்கள். மூன்றாம் மாதத்துக்குப் பின் படிப்படியாக ஏறியிருக்கிறதா, ஒரே மாதத்தில் குதித்திருக்கிறதா என்பது தெரியும்.

இரண்டு, நீர். சாயங்காலம் கணுக்காலில் செருப்பு வார் பதிவது இந்த மாதத்தில் சகஜம், இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும். காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தாலோ, மோதிரம் கழற்ற வராமல் போனாலோ, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ அது கொழுப்பாக இருக்காது. அன்றைக்கே பிபி பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு. அத்துடன் விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்கம் வலி சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பிபி 110/70 என்பதால் இப்போதைக்கு இந்தக் கவலை இல்லை.

சர்க்கரை டெஸ்ட் மூன்றாம் மாதம் நார்மல் என்றீர்கள். அது பழைய கதை. நஞ்சிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்குவது 24 வாரத்திலிருந்துதான் வேகம் பிடிக்கும். ஆகவே 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். எடை வேகமாக ஏறும் உங்களுக்கு இந்த வாரமே எடுப்பது நல்லது. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை இது. வெகு தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணி பட்டினியாக வர வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்குமேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் அந்த டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். இடையில் வளாகத்தைச் சுற்றி நடந்தால் எண் குறைவாகக் காட்டிவிடும்.

இப்போது உங்கள் சாப்பாட்டுப் பட்டியலுக்கு வருவோம். பலரும் சோற்றில்தான் கை வைப்பார்கள். உங்கள் பட்டியலில் பெரிய ஓட்டை சாப்பாட்டு நேரங்களுக்கு இடையில் இருக்கிறது. காபி, டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் 80 கலோரி. நான்கு க்ரீம் பிஸ்கட் ஏறக்குறைய 200. கடை ஜூஸ் ஒரு டம்ளர், போடும் சர்க்கரையோடு 180-க்குக் குறையாது. படுக்கும்போது குடிக்கும் பாலில் பால் 120, இரண்டு மேசைக்கரண்டிப் பவுடர் 110, சர்க்கரை 40, பேரீச்சை 100. எல்லாம் சேர்த்து 800-ஐத் தாண்டுகிறது. உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது 350. நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் மிஞ்சினால் வாரத்துக்கு அரைக் கிலோ ஏறும். குழந்தையின் வளர்ச்சியையும் சேர்த்தால் உங்கள் தராசு காட்டிய வாரம் முக்கால் கிலோ ஏறக்குறைய வந்துவிடும்.

காலைக் காபி இருக்கட்டும், சர்க்கரை அரை ஸ்பூனாகட்டும். ஒரு நாளைக்கு இரண்டு சிறு டம்ளருக்கு மேல் ஃபில்டர் காபி வேண்டாம். இட்லி மூன்று அல்லது நான்கு, தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி, மீதிக்கு சாம்பார். கூடவே அவித்த முட்டை ஒன்று. 11 மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோன சுண்டல்: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு எதுவானாலும் சரி. காய்ந்த பயறு 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, ஊறி வெந்தால் ஒரு சின்னக் கப் வரும். சில நாள் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை.

மதியத்துக்கு ஒரு சின்ன மாற்றம் போதும். உங்கள் டிபன் கேரியரில் பெரிய டப்பாவில் சோறும் சின்ன டப்பாவில் பொரியலும் வைப்பீர்கள் அல்லவா, அதை மாற்றி வையுங்கள். சின்ன டப்பாவில் அமுக்காமல் சோறு, பெரிய டப்பாவில் கீரை, அவரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் ஏதாவது. பருப்புக் குழம்பு கெட்டியாக இருக்கட்டும். கடைசியில் ஒரு கப் தயிர். உருளை வறுவல் வாரம் ஒரு நாள். அசைவம் சாப்பிடுபவர் என்றால் மத்தி, நெத்திலி, அயிலை வாரம் இரண்டு நாள் குழம்பாக. சுறா மட்டும் இப்போது வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். பலர் சோற்றை விட்டுவிட்டுக் கம்பு, தினை, குதிரைவாலிக்கு மாறி ‘எடை இறங்கலையே’ என்கிறார்கள். சிறுதானியத்தில் நார் அதிகம், நல்லதுதான். ஆனால் கலோரி அரிசிக்கு ஏறக்குறைய சமம். தட்டு நிறையத் தினைச்சோறும் தட்டு நிறைய அரிசிச்சோறும் தராசுக்கு ஒன்றே. கேழ்வரகு மட்டும் சுண்ணாம்புச்சத்துக்காகத் தனியாகச் சொல்ல வேண்டியது. வாரம் மூன்று நாள் காலையில் கேழ்வரகு அடையோ தோசையோ வரட்டும். கேழ்வரகுக் கஞ்சியில் வெல்லம் அள்ளிப் போட்டால் பலன் போய்விடும்.

நாலரைக்கு ஜூஸ் வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். ஒரு கொய்யா போதும். மூன்று சாத்துக்குடியை உட்கார்ந்து தின்றால் கால் மணி நேரமாகும், பிழிந்தால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். நார் சக்கையோடு குப்பைக்குப் போகும். அதனால்தான் ஜூஸ் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிறது.

இரவு தோசை இரண்டு அல்லது மூன்று, தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு மேல் வேண்டாம். சாப்பிடும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்தால் நெஞ்செரிச்சலும் குறையும். நெய் நாளுக்கு ஒரு டீஸ்பூன் போதும். நெய் தின்றால் குழந்தை வழுக்கிக்கொண்டு வரும் என்பது நம்பிக்கை மட்டுமே, நெய் பிறப்புப் பாதைக்குப் போவதில்லை. படுக்கும்போது பால் ஒரு டம்ளர், சர்க்கரையும் பவுடரும் இல்லாமல். பவுடர் டப்பாவின் பின்பக்கம் சேர்த்த சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துப் பாருங்கள். அதில் உள்ள புரதத்தை முட்டையும் பயறும் அதைவிட மலிவாகத் தரும். குங்குமப்பூ இரண்டு இழை போட்டுக்கொள்ளலாம், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எடையைவிட என்னைக் கவலைப்படுத்தியது உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரிதான்: இரும்பு மாத்திரையைப் பாலோடு போட்டுக்கொள்கிறேன் என்பது. பாலில் உள்ள கால்சியம் இரும்பை உடம்பில் ஏறவிடாது. மாதக்கணக்கில் தவறாமல் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 10.2-லேயே நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. உங்களுக்கு ஆரம்ப நிலை, இப்போது பிடித்தால் எளிதில் ஏறும். மாத்திரையை நாலரை மணிக் கொய்யாவோடு தண்ணீரில் போடுங்கள்; வைட்டமின் சி இரும்பை இழுத்துக்கொள்ள உதவும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தினம் ஒன்றா இரண்டா என்பதை அடுத்த செக்கப்பில் கேளுங்கள்; இந்த அளவு ரத்தசோகைக்குப் பெரும்பாலும் இரண்டாக்குவார்கள்.

இனி நடை. கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நஞ்சு மேலே இருக்கிறது, ரத்தப்போக்கு இல்லை, பிபி சரி, ஒற்றைக் குழந்தை என்ற நிலையில் நடப்பதால் குழந்தை இறங்காது, குறைமாதப் பிரசவமும் ஆகாது. கர்ப்பப்பையின் வாய் இறுக மூடியிருக்கிறது. அதைத் திறப்பது பிரசவ வலிதான், நடை அல்ல. நஞ்சு கீழே கர்ப்பப்பை வாயை மூடியிருப்பவர்கள், வாயில் தையல் போட்டவர்கள், பனிக்குட நீர் கசிந்தவர்கள், பிபி ஏறியவர்கள், முன்கூட்டியே வலி வந்தவர்கள், இதயநோயோ கடும் ரத்தசோகையோ உள்ளவர்கள் ஆகியோர்தான் மருத்துவரைக் கேட்காமல் உடற்பயிற்சி செய்யக் கூடாது. நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அடுத்த செக்கப்பில் ‘நடக்கலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. அரை மணி நேரம் ஒரே மூச்சாக நடக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நான் சொல்வது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம். சாப்பிட்ட அரை மணிக்குள் நடந்தால் தொடையும் கெண்டைக்காலும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அப்போதே எடுத்துக்கொள்ளும். காலை இட்லிக்குப் பின் வீட்டுவாசல் தெருவில், மதியம் அலுவலக வராந்தாவில், இரவு மொட்டைமாடியில். வாரத்தில் ஐந்து நாள் செய்தால் 150 நிமிடம் வந்துவிடும். முதல் வாரம் ஐந்தைந்து நிமிடத்தில் தொடங்கி இரண்டாம் வாரம் பத்தாக்குங்கள்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு தொடர்ந்து பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் வேகம் அதிகம். பாட முடிந்தால் அது உலாவல். ஈரோட்டு வெயிலில் பகல் 11 முதல் 4 வரை வெளியே நடக்காதீர்கள், உடம்பு சூடேறுவது குழந்தைக்கும் நல்லதல்ல. பின்பக்கம் வார் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் மூட்டுகளைத் தளர்த்தியிருக்கிறது, வயிறு முன்னுக்கு வந்ததால் சமநிலையும் மாறியிருக்கிறது. இந்த மாதத்தில் நடையின் உண்மையான ஆபத்து தடுக்கி விழுவதுதான்.

எழும்போது அடிவயிற்றின் ஒரு பக்கம் சுளுக்கென்று இழுத்துப் பிடிக்கும். கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் நீளும் வலி அது. நின்று, அந்தப் பக்கம் சற்றுக் குனிந்தால் விடும். படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். வயிற்று நடுத்தசை பிளப்பதையும் இது குறைக்கும்.

நடைக்கு மேல், வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் தசைக்கு. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்து, ஒரு அடி தள்ளி நின்று, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புவது பத்து முறை. கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தவழும் நிலையில், மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்து, மூச்சை இழுத்தபடி நேராக்குவது எட்டு முறை; நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் முதுகுக்கு இதைப்போல ஆறுதல் வேறில்லை. எதிலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை விடுங்கள், கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். கபாலபாதி, வயிற்றை முறுக்கும் ஆசனங்கள், குதிப்பது வேண்டாம்.

இடுப்பெலும்புக் குழியின் அடித்தசைக்கு ஒரு பயிற்சி உண்டு, பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். வாயுவை அடக்குவதுபோல் உள்ளுக்கு இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்தி ஐந்து எண்ணுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. பிட்டமும் தொடையும் இறுகினால் தவறான தசையை இழுக்கிறீர்கள். தளர்த்துவதும் இழுப்பதைப்போலவே முக்கியம், பிரசவத்தில் தேவைப்படப்போவது அதுதான். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், பை காலியாகாமல் தொற்று வரும்.

அலுவலகத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் விரல்களையும் மாற்றி மாற்றி இருபது முறை உயர்த்துங்கள். ரத்தம் காலில் தேங்காது. குந்தி உட்கார்ந்து தரை துடைத்தால் சுகப்பிரசவம் என்று யாராவது சொன்னால், முட்டி வலி இல்லாவிட்டால் துடைக்கலாம், ஆனால் அது நடைக்கு ஈடாகாது.

நடக்கும்போதோ பிறகோ ரத்தமோ நீரோ கசிந்தால், வயிறு விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் இறுகினால், நெஞ்சு வலித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மயக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக இருந்தால் 108-ஐ அழையுங்கள். 28 வாரத்துக்குப் பின் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படியே.

வளைகாப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஏழு வகைக் கலந்த சாதத்தில் ஒவ்வொரு வாய், இனிப்பில் ஒன்று என்று அன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. எடை ஏறுவது அந்த ஒரு நாளில் அல்ல, அம்மா வீட்டுக்குப் போன பிறகு வேலையில்லாமல், படுக்கையும் பலகாரமுமாகக் கழியும் வாரங்களில். தராசையும் நாட்காட்டித் தாளையும் பெட்டியில் எடுத்து வையுங்கள். அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: முறுக்கு, அதிரசம் சுடும் நேரத்தில் சுண்டல், மீன் குழம்பு, கீரைக் கடைசல் செய்துதரச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையில் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன எண்கள் இந்த வாசகிக்கு உரியவை. பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும், 18.5-இலிருந்து 25-க்குள் என்றால் 11.5 முதல் 16 கிலோ, நம் ஊரில் பல மருத்துவர்கள் இவர்களுக்கு 10 முதல் 12 போதும் என்பார்கள். 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றில் சேர்வதால் 23-ஐத் தாண்டினாலே சர்க்கரையில் கவனம் வேண்டும். ஒல்லியாக இருந்துகொண்டு, ‘குழந்தை சின்னதா இருந்தாத்தான் சுலபமா பொறக்கும்’ என்று பாட்டி சொன்னதைக் கேட்டு வயிற்றைக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது எடை கூடுவதைவிட ஆபத்து. எடை மிகக் குறைந்து பிறக்கும் குழந்தை இன்குபேட்டருக்குப் போக நேரலாம்.

ஈரோட்டு வாசகிக்கு மறுபடி: இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறவே இல்லை, அல்லது இறங்கியது என்றால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள், மருத்துவரிடம் சொல்லி உணவைக் கூட்டுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் மட்டும் எடை நின்றுபோவது இயல்பு. மாறாக, சாப்பாட்டை மாற்றியும் வாரம் அரைக் கிலோ ஏறிக்கொண்டே இருந்தால் மூன்று நாள் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, சர்க்கரை டெஸ்ட் முடிவோடு மருத்துவரிடம் காட்டுங்கள். கூட்டம் அதிகம் என்றால் கேட்க வேண்டிய மூன்றையும் அதே தாளின் மேலே எழுதி வையுங்கள்: சர்க்கரை எவ்வளவு, இரும்பு ஒன்றா இரண்டா, நடக்கலாமா.